சவ்வு போர்த்திய நானோ துகள் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

சிவப்பணுவின் சவ்வை உரித்து, மருந்து ஏற்றிய நானோ துகளுக்குப் போர்த்திவிடும் வேலையை வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துக் கல்லூரி லேப்களில் செய்து பார்க்கிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கருவி இல்லாத லேபிலும் ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலைதான் இது. ஆனால் பிழை ஒரு படியில் நடக்கும், அதன் அறிகுறி வேறொரு படியில் தெரியும். அதனால்தான் படி வரிசையில் சொல்லாமல், கண்ணில் படுகிற அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போகிறேன்.

அடிப்படை சுருக்கமாக. மனிதச் சிவப்பணு சுமார் 120 நாள் ரத்தத்தில் சுற்றுகிறது. அதன் மேலுள்ள சிடி47 போன்ற புரதங்கள், அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்லிடம் ‘நான் நம்ம ஆள், விழுங்காதே’ என்று சொல்வது அதற்கு ஒரு காரணம். அந்தச் சவ்வை அப்படியே பிஎல்ஜிஏ (உடலில் சிதையும் ஒரு பாலிமர்) துகளுக்குப் போர்த்தலாம் என்று 2011-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் லியாங்ஃபாங் ஜாங் குழு காட்டியது. எலிகளில் சவ்வு போர்த்திய துகளின் அரை ஆயுள் 39.6 மணி நேரம், வழக்கமான பெக் (பாலிஎத்திலீன் கிளைகால்) பூச்சுள்ள துகளுக்கு 15.8 மணி நேரம். 2013-இல் அதே குழு பாக்டீரியா நச்சை உறிஞ்சும் நானோ பஞ்சையும், 2015-இல் பிளேட்லெட் சவ்வுத் துகளையும் வெளியிட்டது.

வேலை மூன்று துண்டு. ஹீமோகுளோபினை வெளியேற்றி வெறும் சவ்வுப் பையை எடுப்பது. லேபில் இதை கோஸ்ட் என்கிறோம். தனியாகத் துகள் செய்வது. பிறகு இரண்டையும் எக்ஸ்ட்ரூடரிலோ (நுண்துளை ஃபில்டர் வழியாக அழுத்தித் தள்ளும் கருவி) சோனிகேட்டரிலோ (ஒலி அலையால் அதிர வைக்கும் கருவி) சேர்ப்பது.

மனித ரத்தம் என்றால் எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். கை பழக ஆட்டு ரத்தம் போதும். கறிக்கடையில் அறுக்கும் நேரத்துக்குப் போய், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ போட்ட குப்பியில் பிடித்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். ஆனால் ஆட்டுச் சிவப்பணு மனிதருடையதைவிட மிகச் சிறியது, உப்புக் குறைந்தால் சீக்கிரம் உடையும், அதன் சவ்வில் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பு அதிகம். கடைசியாகச் சொன்னது கீழே திரும்ப வரும்.

பெல்லட் வெளுக்கவே இல்லை, சிவப்பாகவே நிற்கிறது

பெல்லட் என்பது சென்ட்ரிபியூஜில் சுற்றியதும் டியூப்பின் அடியில் படிவது. முதலில் சூட்டைப் பாருங்கள். உடைந்த சிவப்பணு, உப்பு சமநிலைக்குத் திரும்பி 37 டிகிரியில் இருந்தால், தன் ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும். கோஸ்டுக்குள் மருந்தைப் பூட்டி வைக்க வேண்டுமென்றே இப்படிச் செய்கிற முறையும் உண்டு. வேலூரில் மே மாதம் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். ஏசி இல்லாத லேபில் மேஜை மேல் டியூப்பை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், வேண்டாத அந்த மூடும் வேலை தானாக நடந்து, ஹீமோகுளோபின் உள்ளேயே சிக்கிவிடும். உடைக்கும் பஃபரை (சிவப்பணுவை உடைக்கும், உப்புக் குறைந்த கரைசல்) முதல் நாளே ஃப்ரிட்ஜில் வையுங்கள். டியூப் எப்போதும் ஐஸில் இருக்கட்டும். சென்ட்ரிபியூஜில் குளிர்விக்கும் வசதி இல்லையென்றால் ரோட்டரை மட்டுமாவது ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

அடுத்தது பஃபரின் அளவு. கட்டியாக உட்கார்ந்த செல் ஒரு பங்கு என்றால் பஃபர் 20 பங்காவது வேண்டும். பலர் காப்பியடிக்கிற கால் பங்கு அடர்த்தி பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) முறையில் பெல்லட் இளஞ்சிவப்பாகத்தான் வரும். 2011 முறையும் அந்த இளஞ்சிவப்புப் பெல்லட்டைத்தான் பயன்படுத்தியது, அதனால் பயப்பட வேண்டாம். பால் வெள்ளையாக வேண்டுமானால் 5 மில்லிமோலார் பாஸ்பேட், பிஎச் 8, மூன்று நான்கு முறை கழுவல். ஹீமோகுளோபின் எவ்வளவு வெளியேறும் என்பது பஃபரின் அடர்த்தியையும் பிஎச்சையும் பொறுத்தது என்று டாட்ஜும் கூட்டாளிகளும் 1963-லேயே காட்டிவிட்டார்கள்.

வெள்ளை எப்போது அவசியம்? சவ்வுப் புரதத்தை பிசிஏ (புரத அளவை நிறத்தால் காட்டும் சோதனை) முறையில் அளந்து அதை வைத்து விகிதம் போடுகிறீர்கள் என்றால் அவசியம். மிச்சமிருக்கும் ஹீமோகுளோபினையும் அது புரதமாகவே எண்ணும், சவ்வு நிறைய இருப்பதாக நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஹீமோகுளோபின் ஒளியை நன்றாக உறிஞ்சும் 414 நானோமீட்டரில் ஒரு ரீடிங் எடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

பெல்லட் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருந்தால் கதை வேறு. ரத்தம் பழசு. ஆக்சிஜனேற்றம் அடைந்த ஹீமோகுளோபின் சவ்விலேயே ஒட்டிக்கொண்டது, எத்தனை முறை கழுவினாலும் போகாது. கொட்டிவிட்டுப் புது ரத்தத்தில் ஆரம்பியுங்கள்.

பெல்லட்டே உட்காரவில்லை

ஆர்பிஎம்மைப் பார்க்காதீர்கள், ஜி அளவைப் பாருங்கள். ரோட்டர் ஆரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, ஆர்பிஎம்மின் வர்க்கத்தால் பெருக்கி, 0.00001118-ஆல் பெருக்கினால் ஜி கிடைக்கும். ரத்தப் பரிசோதனைக்கு வைத்திருக்கிற சாதாரண சென்ட்ரிபியூஜில் 10 செ.மீ. ஆரம், 4,000 ஆர்பிஎம் என்றால் சுமார் 1,800 ஜிதான். முழுச் சிவப்பணு அதில் சுகமாக உட்காரும், காலியான கோஸ்ட் ஒழுங்காக உட்காராது. சின்ன மைக்ரோஃபியூஜில் 8 செ.மீ. ஆரம், 13,000 ஆர்பிஎம் என்றால் சுமார் 15,000 ஜி வரும், அது போதும். ஒரு டியூப்பில் கொஞ்சம்தான் பிடிக்கும் என்பதால் நிறைய டியூப்பில் பிரித்து ஓட்ட வேண்டியிருக்கும். பரவாயில்லை.

கோஸ்ட் பெல்லட் தளதளவென்று இருக்கும். டியூப்பைச் சாய்த்துக் கொட்டினால் சவ்வும் சேர்ந்து போய்விடும். பைப்பெட்டால் மேலிருந்து உறிஞ்சுங்கள். அப்புறம் டியூப்பை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், தளதள பெல்லட் நகர்ந்து, அதன் அடியில் கெட்டியான ஒரு சின்னப் பொட்டு தெரியும். அதை விடாமல் உறிஞ்சி எறியுங்கள். வெள்ளணுவின் புரோட்டியேஸ் என்சைம்கள் அங்கேதான் குவிந்திருக்கும். இந்தப் பொட்டை விட்டுவிடுவதால் வரும் கேடு நாலைந்து படி தள்ளி, புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில்தான் தெரியும்.

எக்ஸ்ட்ரூடர் நகர மறுக்கிறது, ஃபில்டர் கிழிகிறது

400 நானோமீட்டர், 200, பிறகு 100 என்று இறங்குங்கள். நேரே 100-க்குப் போகாதீர்கள். முதலில் சோனிகேட்டரில் சிறிது நேரம் வைத்து கோஸ்டை உடைத்துக்கொண்டால் அழுத்தம் குறையும். சவ்வு நூல் நூலாக ஒட்டினால் அது வெள்ளணுவின் டிஎன்ஏ. ரத்தத்தை முதலில் சுற்றும்போது மேலே படிகிற வெண்படலத்தைச் சரியாக எடுக்கவில்லை என்று பொருள். ஆட்டுச் சவ்வு ஸ்பிங்கோமைலினால் விறைப்பானது. இந்த ஒரு படியை மட்டும் ஐஸ் மேல் செய்யாமல் அறைச் சூட்டில் செய்யுங்கள்.

போர்த்துவதற்கு முன்பே துகள் திரிந்துவிட்டது

பிஎல்ஜிஏ உலர்ந்த நிலையில் 45 டிகிரிக்கு மேல்தான் இளகும். தண்ணீரில் ஊறிவிட்டால் அந்த எல்லை 37-ஐ ஒட்டியோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். கோடையில் நம் ஊர் அறைச் சூட்டில் பிஎல்ஜிஏவைக் கரைத்த அசிட்டோன் ஆவியாகட்டும் என்று இரவு முழுக்கத் திறந்து வைத்தால், துகள்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். ஏசி அறையிலோ வேக்குவத்திலோ சீக்கிரமாக ஆவியாக்குங்கள். தண்ணீர் மிகச் சுத்தமானதாக இருக்கட்டும். போர் தண்ணீரின் கால்சியம் தப்பித்தவறி வந்தாலும் எதிர் மின்னேற்றமுள்ள துகள்களைச் சேர்த்துக் கட்டிவிடும்.

டிஎல்எஸ்-ல் இரண்டு முகடு, அல்லது சைஸ் எக்கச்சக்கம்

டிஎல்எஸ் என்பது ஒளிச்சிதறலை வைத்துத் துகளின் அளவைச் சொல்லும் கருவி. சவ்வின் தடிமன் 7 முதல் 8 நானோமீட்டர். அப்படியானால் 70 நானோமீட்டர் துகள் போர்த்திய பிறகு 85-ஐ ஒட்டி வரவேண்டும். 150, 200 என்று வந்தால் அது போர்த்தல் இல்லை, கட்டி. ஆனாலும் கருவி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் ஏறுகிறது. பத்து மடங்கு பெரிய ஒரே துகள் பத்து லட்சம் சின்னத் துகள்களுக்குச் சமமாக ஒளிரும். ஒரு தூசியே உங்கள் முகட்டைத் தூக்கிவிடலாம்.

இரண்டாவது முகடு பெரும்பாலும் துகள் கிடைக்காத உபரிச் சவ்வுக் குமிழி. இங்கே ஒரு கணக்கு போட்டுவிடலாம். 70 நானோமீட்டர் பிஎல்ஜிஏ ஒரு மில்லிகிராமின் மொத்த மேற்பரப்பு சுமார் 0.066 சதுர மீட்டர். ஒரு மி.லி. மனித ரத்தத்தில் சுமார் 500 கோடி சிவப்பணு, ஒவ்வொன்றின் பரப்பும் ஏறத்தாழ 140 சதுர மைக்ரான், மொத்தம் 0.7 சதுர மீட்டர். தேவையைப் போலப் பத்து மடங்கு! கழுவலிலும் ஃபில்டரிலும் பாதிக்கு மேல் இழந்தாலும் மிச்சம் நிறைய. ‘சவ்வு போதவில்லை போல’ என்று மேலும் மேலும் ஊற்றுவதற்கு முன் இந்தக் கணக்கை உங்கள் துகள் அளவுக்குப் போட்டுப் பாருங்கள். உபரிக் குமிழியை விலக்க வழி இருக்கிறது: பிஎல்ஜிஏ கனமானது, அது உட்காருகிற வேகத்தில் சுற்றினால் குமிழி மேலேயே நிற்கும்.

பெருங்கட்டியாக வந்து, டியூப்பின் அடியில் வண்டல் மாதிரி நின்றால் துகளின் மின்னேற்றத்தைக் கேளுங்கள். சிட்டோசான் துகள் செய்யச் சுலபம், விலையும் குறைவு, நம் கல்லூரிகளில் பலர் அதையே எடுக்கிறார்கள். ஆனால் அது நேர் மின்னேற்றம். சிவப்பணுவின் வெளிப்புறம் சியாலிக் அமிலத்தால் எதிர் மின்னேற்றம். இரண்டும் இழுத்துக்கொண்டு குழம்பாகிவிடும். எதிர் மின்னேற்றத் துகள் என்றால் சியாலிக் அமிலப் பக்கத்தைத் தள்ளும், அதனால் சவ்வின் உள்பக்கம் துகளை நோக்கியும் வெளிப்பக்கம் வெளியேயும் சரியாக அமையும். சிட்டோசானைத்தான் எடுப்பேன் என்று அடம்பிடிக்க வேண்டாம், இந்த முறைக்கு அது ஒத்துவராது.

ஜீட்டா மாறவில்லை

ஜீட்டா என்பது துகளின் மேற்பரப்பு மின்னேற்றத்தைக் காட்டும் அளவு. வெறும் பிஎல்ஜிஏ தண்ணீரில் மைனஸ் 40 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்கும், போர்த்தியது மைனஸ் 10 முதல் 15 வரை, அதாவது சவ்வுக் குமிழியின் அளவுக்கு வரவேண்டும். இரண்டையும் ஒரே திரவத்தில் அளந்தீர்களா? ஒன்றைத் தண்ணீரிலும் இன்னொன்றை பிபிஎஸ்ஸிலும் அளந்து ஒப்பிட்டால் உப்பே மாற்றத்தைக் காட்டிவிடும், போர்த்தலே இல்லாமல். பிவிஏ (துகள்கள் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் பாலிமர்) போட்டுத் துகள் செய்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பிவிஏ துகளின் மேல் படிந்து மின்னேற்றத்தை ஏற்கெனவே மறைத்துவிடுகிறது. போதாததற்குச் சவ்வையும் அண்ட விடாது. பாலிமர் கரைசலைத் தண்ணீரில் விட்டுத் துகளாக்கும், பிவிஏ இல்லாத நானோபிரெசிபிடேஷன் முறைக்கு மாறுவதுதான் நல்லது.

சோனிகேட்டர் முறையில் போர்த்துகிறவர்கள் தொட்டியையும் பாருங்கள். நம் ஊர்த் தண்ணீரால் அடியில் உப்புப் படிந்து சக்தி குறைந்திருக்கலாம். அலுமினியத் தாள் ஒன்றை அதில் தொங்கவிட்டால் ஒரு நிமிடத்தில் எங்கே துளை விழுகிறதோ அங்கேதான் வேலை நடக்கிறது. டியூப்பை அங்கே வையுங்கள். தொட்டியில் ஐஸ் போடுங்கள்.

டிஇஎம் படத்தில் வளையம் இல்லை, அல்லது எல்லாம் கறுப்புப் புள்ளி

டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் சவ்வு துகளைச் சுற்றி வளையமாகத் தெரிய வேண்டும். அதற்குப் போடும் சாயமான யுரேனில் அசிடேட்டும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் வீழ்படிவு வரும். பிபிஎஸ்ஸில் இருக்கிற மாதிரியைத் தண்ணீரிலோ வேறு பஃபரிலோ மாற்றிவிட்டுக் கிரிட்டில் வையுங்கள். வெளியே கட்டணம் கட்டிப் படம் எடுக்கிறவர்கள் வெறும் துகளையும் வெறும் குமிழியையும் கட்டாயம் சேர்த்து அனுப்புங்கள். அவை இல்லாமல் வளையம் எது, சாயத்தின் விளிம்பு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜெல்லில் பட்டைகள் மங்கல், சிடி47 காணோம்

மேலே சொன்ன அந்தப் பொட்டுதான் முதல் சந்தேகம். புரோட்டியேஸைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் போட்டிருந்தாலும், தண்ணீரில் அது சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு கழுவலுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டும். 220, 240 கிலோடால்டன் பக்கம் ஸ்பெக்ட்ரின் ஜோடி, 100-ஐ ஒட்டி பேண்ட் 3: சிவப்பணுச் சவ்வின் இந்தப் புரதப் பட்டைகள் கூர்மையாக இருந்தால் சவ்வு நலம். ஸ்பெக்ட்ரின் மட்டும் குறைந்திருந்தால், உப்பு மிகக் குறைந்த பஃபரில் சவ்வு வெதுவெதுப்பாகக் கிடந்திருக்கிறது. அப்படிக் கிடந்த சவ்வு உள்வெளி புரண்ட குமிழியாக மாறும் ஆபத்தும் உண்டு. பஃபரில் 0.1 மில்லிமோலார் மக்னீசியம் சேர்த்தால் அது குறையும். சிடி47-க்கு வெஸ்டர்ன் (ஆன்டிபாடி கொண்டு ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை) செய்கிறவர்கள், மனித சிடி47-க்கான ஆன்டிபாடி ஆட்டுச் சவ்வைப் பிடிக்குமா என்று முதலில் பாருங்கள்.

எல்லா எண்ணும் சரி, ஆனால் மேக்ரோபேஜ் வழக்கம்போல விழுங்குகிறது

“அக்கா, டிஎல்எஸ்-ல சைஸ் கரெக்டா வந்துடுச்சு, ஜீட்டாவும் மாறிடுச்சு, கோட்டிங் ஆயிடுச்சுக்கா” என்று சந்தோஷமாக வருகிற தம்பி தங்கைகள், செல் பரிசோதனையில் முகம் தொங்கிப்போய் நிற்பார்கள். இந்த அறிகுறிக்குத்தான் நான் அதிக இடம் தர விரும்புகிறேன். சைஸும் ஜீட்டாவும் சராசரி எண்கள். ஒவ்வொரு துகளும் முழுதாகப் போர்த்தப்பட்டதா என்பதை அவை சொல்லவே சொல்லாது.

2021-இல் ஃபின்லாந்தில் ஒரு குழு இதை நேராகச் சோதித்தது. துகள்களில் 90 சதவீதம் வரை அரைகுறையாகத்தான் போர்த்தப்பட்டிருந்தன. பாதிக்கு மேல் மூடிய துகள்கள் தனித்தனியாகச் செல்லுக்குள் போயின. அதைவிடக் குறைவாக மூடியவை ஒன்றோடொன்று கூடித்தான் நுழைய முடிந்தது. திறந்த இடத்தில் ரத்தப் புரதம் ஒட்டும், மேக்ரோபேஜுக்கு அது போதும்.

அவர்கள் முறையை நம் லேபிலும் செய்யலாம். ஒளிர்வை அளக்கும் ஒரு ஃப்ளூரோமீட்டர் இருந்தால் போதும். துகள் செய்யும்போதே என்பிடி என்ற ஒளிரும் சாயம் கோத்த பொருளை அதன் மேற்பரப்பில் சேர்த்துவிடுங்கள். போர்த்திய பிறகு சோடியம் டைதயோனைட் ஊற்றுங்கள். அது முழுச் சவ்வைத் தாண்டாது, திறந்த இடத்திலுள்ள சாயத்தை மட்டும் அணைத்துவிடும். மிச்சமுள்ள ஒளிதான் உங்கள் போர்த்தலின் அளவு. கடைசியில் டிரைட்டான் என்ற சோப்பு வகையை விட்டுச் சவ்வைக் கரைத்தால் ஒளி முழுதும் விழ வேண்டும். விழவில்லை என்றால் சாயம் துகளின் உள்ளே புதைந்திருக்கிறது, கணக்கு செல்லாது. வெறும் துகளையும் கூடவே ஓட்டுங்கள். டைதயோனைட்டை கார பஃபரில் அப்போதே கரைத்து ஐஸில் வையுங்கள், காற்றுப் பட்டால் வீணாகும். முதல் சில நிமிடங்களிலேயே ரீடிங்கை முடித்துக்கொள்ளுங்கள், நேரம் போகப் போக அது சவ்வையும் கசிந்து கடக்கும்.

ஃப்ளூரோமீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய சோதனை: வெறும் பிஎல்ஜிஏ பிபிஎஸ்ஸில் போட்டதும் திரியும், நன்றாகப் போர்த்தியது தெளிவாக நிற்கும். சீரம் சேர்த்து 560 நானோமீட்டரில் கலங்கலை மணிக்கணக்கில் பார்த்தாலும் இதே தகவல் கிடைக்கும். என்னைக் கேட்டால், டிஎல்எஸ் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

போர்த்தல் நன்றாக இருந்தும் விழுங்குகிறதா? அப்போது இனத்தைப் பாருங்கள். சிடி47 பேசுவது மேக்ரோபேஜின் மேலுள்ள சிர்ப்-ஆல்ஃபா என்ற புரதத்தோடு. இனம் மாறினால் அந்தப் பேச்சு பல நேரம் எடுபடாது. ஆட்டுச் சவ்வைப் போர்த்தி எலியின் ரா 264.7 மேக்ரோபேஜ் செல்லில் சோதித்து, ‘சிடி47 வேலை செய்யவில்லை’ என்று முடிவு எழுதுவது தவறு. எலி மேக்ரோபேஜுக்கு எலி ரத்தம், அதற்கு விலங்கு எதிக்ஸ் அனுமதி.

அதுவும் சரியென்றால் ரத்தத்தின் வயது. நாள்பட்ட ரத்தத்தில் சிடி47 குறையும், உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்ஃபட்டிடில்செரின் என்ற கொழுப்பு வெளியே வரும். அது ‘என்னை விழுங்கு’ என்கிற செய்தி. அதில் ஒட்டும் அனெக்சின் சாயம் போட்டால் தெரிந்துவிடும். சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் மாதிரி கொண்டுவருகிறவர்கள், ரத்தத்தை நேராக ஐஸ் மேல் வைத்து உறைய விட்டுவிடாதீர்கள். உறைந்த செல் உடைந்துதான் இறங்கும். நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள்.

கடைசிச் சந்தேகம் எண்டோடாக்சின், அதாவது பாக்டீரியாவின் சவ்விலிருந்து வரும் நச்சு. கறிக்கடை ரத்தத்திலும் சுத்தமில்லாத பஃபரிலும் அது தாராளமாக இருக்கும், மேக்ரோபேஜை உசுப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்கும் எல்ஏஎல் சோதனை ஒன்று செய்துவிடுங்கள்.

ஒரு வாரத்தில் மாதிரி கெட்டுவிட்டது

4 டிகிரியில் வைத்தது திரிந்தால், கரண்ட் போன நேரத்தில் ஃப்ரிட்ஜ் எவ்வளவு சூடானது என்று பாருங்கள். உள்ளே ஒரு வெப்பமானி எப்போதும் இருக்கட்டும். அப்படியே உறைய வைத்தால் ஐஸ் படிகம் சவ்வைக் கிழித்துவிடும். 10 சதவீதம் சுக்ரோஸ் சேர்த்து உறைய வைத்தாலோ உலர்த்தினாலோ தாங்கும். உருக்கிய பிறகு சைஸ் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், அதே பிபிஎஸ் சோதனையை இன்னொரு முறை ஓட்டுங்கள். தண்ணீரில் கரையக்கூடிய மருந்து ஏற்றியவர்கள் மருந்தின் அளவையும் திரும்ப எடுக்க வேண்டும். சோனிகேட்டரிலேயே கொஞ்சம் கசிந்திருக்கும், சேமிப்பில் இன்னும் கொஞ்சம். ரத்தம் பட்ட எல்லாவற்றையும் ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்த பிறகே வெளியே அனுப்புங்கள்.